வீட்டுக் கொல்லையில் தாழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கொல்லை ஒரு பாசன வாய்க்காலில் போய் முடிகிறது. வருடத்தில் ஏழெட்டு மாதம் அந்தக் கடைசிப் பகுதி சொதசொதவென்றுதான் இருக்கும். மா வைத்தோம், வேர் அழுகியது. எலுமிச்சை வைத்தோம், மஞ்சளித்து நின்றுபோனது. கடைசியில் அந்த மண்ணுக்கு எது சொந்தமோ அதையே வைத்தோம். இன்று அங்கே நான்கு தாழைப் புதர்கள் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்களும், போத்து (நடுவதற்கு வெட்டியெடுக்கும் கிளை) கேட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். காவிரிப் படுகையையும் தமிழ்நாட்டுக் கடலோரத்தையும் மனத்தில் வைத்து எழுதியது இது. மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

தாழை என்றால் தாழம்பூச் செடிதானே? கற்றாழையும் அதுவும் ஒன்றா?

தாழம்பூச் செடிதான். கைதை, கேதகை என்பவையும் இதன் பெயர்களே. தாவரவியலில் பாண்டனஸ் ஒடோரிஃபர் என்கிறார்கள். பழைய புத்தகங்களில் பாண்டனஸ் ஒடோராட்டிசிமஸ் என்று பார்த்திருந்தால் அதுவும் இதுவேதான்.

கற்றாழைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. வேலியோரம் கத்தி கத்தியாக நிற்கும் யானைக் கற்றாழை மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு முறை பூத்துவிட்டுப் பட்டுப்போகும். தாழை நம் நெய்தல் நிலத்துச் செடி. கடலோரம், உப்பங்கழி, ஆற்றுப்படுகை, வாய்க்கால் கரை என்று ஈரம் இருக்கிற இடமெல்லாம் தானாக வளர்ந்தது. பத்திலிருந்து இருபது அடி வரை உயரும். இலைகள் ஒரு மீட்டரைத் தாண்டும், தண்டைச் சுற்றித் திருகு திருகாக அடுக்கியிருக்கும். தண்டிலிருந்து விழுதுகள் இறங்கி, செடியே கால் ஊன்றி நிற்பது போலத் தெரியும். அந்த விழுதைப் பார்த்துவிட்டால் வேறு எந்தச் செடியோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ரம்பை இலைச் செடியைத் தாழை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் தாழம்பூ வருமா?

வராது. ரம்பை தாழையின் பங்காளி, அதே பேரினம். ஆனால் அதன் மணம் இலையில் இருக்கிறது, பூவில் இல்லை. பாசுமதி அரிசியில் வாசனை தரும் அதே பொருள்தான் அந்த இலையிலும் இருக்கிறது. அதனால்தான் சோற்றில் போடுகிறார்கள். ரம்பை பூப்பதே மிக அரிது. இலையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ரம்பையில் முள் இருக்காது, இருந்தாலும் நுனியில் லேசாக இருக்கும். தாழையில் இரண்டு ஓரமும், அடிப்பக்கத்து நடு நரம்பும் முள்ளாகவே இருக்கும். இலையில் மஞ்சள் வரி, வெள்ளை வரி ஓடுகிற அலங்காரத் தாழைகளும் விற்கிறார்கள். அவை அழகுக்கானவை. அவற்றை வாங்கிவிட்டுப் பூவுக்குக் காத்திருக்காதீர்கள்.

இவ்வளவு முள்ளோடு இருக்கும் செடியை எதற்காக வீட்டில் வளர்க்க வேண்டும்?

எல்லா வீட்டுக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மனையில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஒரு மூலை இருந்தால், அதில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்குவதற்கு முன் தாழையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மேடாக்கினால் மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்குப் போகும். தாழை வைத்தால் அந்த மூலை தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் மூலையாகவே இருக்கும், கரையும் சரியாது.

விழுதுகளும் அடி வேர்களும் கரை மண்ணை வலை போட்டது போலப் பிடிக்கும். எங்கள் வாய்க்கால் கரை ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு சாண் அளவுக்கு உடைந்து விழுந்துகொண்டிருந்தது. தாழை வேர் பிடித்த பகுதியில் அது நின்றுவிட்டது. செடி இல்லாத கோடியில் இன்னும் உடைகிறது. அப்புறம் வேலி. ஆடு மாடு எதுவும் தாழைக்குள் நுழையாது. புதருக்கடியில் கம்புள்கோழி குஞ்சுகளோடு போவதையும் செம்போத்து ஒளிந்து ஒளிந்து வருவதையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பின்வாசலில் உட்கார்ந்தே பார்க்கிறார்கள்.

இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னால் நான் வைத்தது பூவுக்காக. மழை விட்ட விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் வந்து மோதும். அதற்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

தாழம்பூ வாசனைக்குப் பாம்பு வரும் என்கிறார்களே?

நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் முதலில் கேட்பது இதைத்தான். எத்தனையோ ஊர்களில் நல்ல தாழம்புதர்களை வெட்டி எரித்ததும் இந்தப் பயத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாம்பு பூவின் மணத்துக்காக எங்கும் வருவதில்லை. அது நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் தேடுவது இரையையும் துணையையும்தான். தாழம்பூவில் அதற்கு வேண்டியது எதுவும் இல்லை. பின்னே ஏன் தாழம்புதரில் பாம்பைப் பார்க்கிறோம்? தாழை வளர்கிற இடம் ஈரமான இடம். அங்கே தவளை இருக்கும். அடியில் காய்ந்த மடல் குவிந்து கிடந்தால் எலி கூடு கட்டும். தவளையும் எலியும் மறைவும் ஒரே இடத்தில் இருந்தால் பாம்பு வரத்தான் செய்யும். அந்த இடத்தில் தாழை இல்லாமல் விறகு அடுக்கோ செங்கல் குவியலோ இருந்தாலும் வரும்.

ஆகவே பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட மாட்டேன். செய்ய வேண்டியது சில உண்டு. வீட்டு வாசலுக்கும் நடைபாதைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். முழங்கால் உயரம் வரை அடியைச் சுத்தமாக வைத்திருங்கள். விழுதுகளுக்கு நடுவே அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். அதுதான் அளவு. புதருக்குள் கையை விடுவதற்கு முன் நீளக் கம்பால் தட்டிவிட்டு விடுங்கள். இருட்டிய பிறகு பூப்பறிக்கப் போகாதீர்கள். கோழித்தீவனம், தவிடு, நெல் மூட்டை எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது, எலியைக் கூப்பிட்டு வைப்பது அவைதான். இத்தனை வருடங்களில் எங்கள் புதரில் சாரையையும் நீர்ச்சாரையையும் பலமுறை பார்த்திருக்கிறோம். இரண்டுக்கும் விஷம் இல்லை. வந்து போய்விடும். குழந்தை தவழ்கிற வீடாக இருந்து, பின்பக்கம் பத்தடி தூரம்கூட இல்லை என்றால், தாழை வேண்டாம். பூச்செடி எத்தனையோ இருக்கிறது.

எவ்வளவு இடம் வேண்டும்? எங்கே வைப்பது?

நன்றாக வளர்ந்த ஒரு புதர் பத்துப் பன்னிரண்டு அடி அகலம் பிடிக்கும். மதில் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். வரிசையாக வேலி போல வைப்பதென்றால் கன்றுக்குக் கன்று பத்தடி. நல்ல வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நிழலிலும் வளரும், ஆனால் பூக்காமல் இலையாகவே நிற்கும்.

கொல்லையின் பள்ளக் கோடி, குளத்தங்கரை, கிணற்றடித் தண்ணீர் ஓடி வடிகிற இடம், மொட்டைமாடி மழைநீர் இறங்கி நிற்கும் இடம் இவையெல்லாம் தாழைக்கு வாய்த்த இடங்கள். வாய்க்கால் கரையில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கரை பெரும்பாலும் அரசு நிலமாக இருக்கும். உங்கள் பட்டா எல்லைக்குள் வையுங்கள், தூர்வார வண்டி வரும் பாதையை அடைக்காதீர்கள். அடைத்தால் பொக்லைன் ஒரே வாரில் எடுத்துப் போட்டுவிடும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஈரநிலச் செடி என்றால் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டுமா?

வேண்டாம். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மழைக்காலத்தில் சில வாரம் அடியில் தண்ணீர் நின்றாலும் தாழை தாங்கும். அதற்காக ஆண்டு முழுவதும் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்க அல்லியோ தாமரையோ அல்ல அது. கரையில் நின்றுகொண்டு வேரைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டுவதுதான் அதன் வழக்கம். வேர் பிடித்துவிட்ட புதர் கோடையையும் தாங்கிவிடும். இலை கொஞ்சம் மங்கும், நுனி காயும், மழை வந்ததும் மீளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மணல், வண்டல், களி எதுவானாலும் வரும். உப்புத் தண்ணீருக்கும் அசையாது. கடல் காற்று உப்பை அள்ளி வீசும் ஊர்களில் மற்ற செடிகள் கருகி நிற்கும்போது இது பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் விடலாமா?

விடலாம். சோப்பிலும் சலவைத் தூளிலும் இருக்கும் உப்புச் சத்தைத் தாழை மற்ற செடிகளை விட நன்றாகவே தாங்கும். பிளீச்சிங் பவுடர், கழிப்பறை கழுவும் அமிலம் கலந்த தண்ணீர் மட்டும் கூடாது. எண்ணெய்ப் பசை தங்குவதைத் தடுக்க, தண்ணீர் வந்து விழும் இடத்தில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு வையுங்கள். தண்ணீரைக் குட்டையாகத் தேங்க விடாமல் சின்னச் சின்ன வாய்க்காலாகப் பிரித்து விடுங்கள்.

விதை போடுவதா, கன்று வாங்குவதா, போத்து வைப்பதா?

போத்து. சந்தேகமே வேண்டாம்.

காரணம் இதுதான். தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாம் தாழம்பூ என்று சொல்லித் தலையில் வைப்பது ஆண் செடியின் பூ. வெளிர்மஞ்சள் மடல்களுக்குள் மகரந்தக் கதிர்கள் அடுக்கியிருக்கும், மணம் முழுவதும் அதில்தான். பெண் செடியில் அன்னாசி போல உருண்டையாகக் காய் வரும், அந்த மணம் இருக்காது. விதையிலிருந்து வந்த கன்று எந்தப் பக்கம் என்று, அது முதல் தடவை பூக்கும் வரை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் முதலில் வைத்த கன்று ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கியது. ஆண் செடிதான் என்று அடித்துச் சொன்னார்கள். ஆறு ஆண்டு வளர்த்தேன். ஒரு நாள் உச்சியில் பச்சையாக ஒரு காய் தொங்கியது. அன்றைக்கு மனம் மிகவும் வாடிப்போனது. அந்தச் செடி இன்னும் நிற்கிறது. கரை பிடிக்கும் வேலையை அதுவும் செய்கிறது, அதன் பழத்துக்கு வௌவால் வருகிறது. ஆனால் பூ வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். பூத்திருக்கும்போது செடியை உங்கள் கண்ணால் பாருங்கள், அந்தச் செடியிலேயே போத்து வாங்குங்கள். தாய் ஆணென்றால் போத்தும் ஆண்தான். அடியில் முளைக்கும் பக்கக் கன்றுக்கும் இதே கணக்கு.

போத்து எப்படி எடுப்பது, எப்படி நடுவது?

கை மொத்தத்தில் இருக்கும் பக்கக் கிளையாகப் பாருங்கள். கிளையில் இரண்டு மூன்று விழுது முனைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது, அவை சீக்கிரம் மண்ணைப் பிடிக்கும். இரண்டு இரண்டரை அடி தண்டு வருமாறு கூர்மையான அரிவாளால் ஒரே வெட்டு. நசுங்கிய வெட்டில் அழுகல் ஏறும்.

அடி இலைகளை உரித்துவிடுங்கள். நுனியில் இருக்கும் இலைகளை மூன்றில் ஒரு பங்கு விட்டு நறுக்கிவிடுங்கள். பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்று மனம் கேட்காது. நானும் அப்படித்தான் முதல் தடவை இலையை முழுதாக விட்டு, அதுவும் சித்திரை வெயிலில், நட்டேன். வேர் இல்லாத தண்டு அத்தனை இலைக்கும் எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? இருபதே நாளில் காய்ந்தது. குருத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது. குருத்து போனால் போத்து பெரும்பாலும் போனதுதான்.

வெட்டிய போத்தை நிழலில் ஒரு நாள் போட்டுவையுங்கள், வெட்டுவாய் உலரட்டும். ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் கலந்து, போத்தை ஓர் அடி ஆழம் இறக்கி நன்றாக மிதித்துவிடுங்கள். பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆடும் போத்து வேர் விடாது. தென்னங்கீற்றால் ஒரு மாதம் நிழல் கொடுத்தால் போதும். நடுவதற்குச் சரியான நேரம் ஆடியிலிருந்து புரட்டாசிக்குள். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் விட்டிருக்கும். நடுக்குருத்து புதிதாக நீண்டு வந்தால் பிழைத்துவிட்டது என்று பொருள்.

கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ நிற்பதை வேரோடு பெயர்த்து வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். மணல்மேடு காற்றில் கரையாமல் நிற்பதற்கு அந்தப் புதர்கள்தான் காவல். வேரோடு வரும் பெரிய செடி வீட்டில் பிழைப்பதும் கடினம், அங்கே விழும் ஓட்டை அடைவதும் கடினம். யாருடைய தோட்டத்திலாவது கேட்டு ஒரு கிளை வாங்குங்கள். கிளை வெட்டிய இடத்தில் தாய்ச்செடி மறுபடி துளிர்க்கும்.

எத்தனை வருடத்தில் பூக்கும்? எங்கள் செடி பூக்கவே இல்லை.

நல்ல வெயிலும் ஈரமும் இருந்தால் போத்து வைத்து மூன்று நான்கு ஆண்டில் முதல் பூ வரும். விதைக் கன்று என்றால் இன்னும் நாளாகும்.

பூக்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று நிழல். இரண்டு, யூரியாவை அள்ளிப் போடுவது. இலை தழைக்கும், பூ வராது. ஆண்டுக்கு ஒரு முறை தொழுவுரமும் கொஞ்சம் சாம்பலும் போதும். மூன்றாவது கவாத்து. தாழை பூப்பது தண்டின் நுனியில். ஒரு நுனியில் பூ வந்துவிட்டால் அந்தத் தண்டு நேராக வளர்வது அதோடு நின்று, கீழிருந்து இரண்டாகவோ மூன்றாகவோ கிளைக்கும். அடுத்த பூக்கள் அந்தக் கிளைகளின் நுனியில்தான். ஆக, அழகாக இருக்கட்டும் என்று வருடா வருடம் உச்சியை வெட்டுகிற வீட்டில் தாழம்பூ எப்படி வரும்?

இடி இடித்தால்தான் தாழை பூக்கும் என்பது உண்மையா?

பூக்கும் காலமும் இடி மழைக் காலமும் ஒன்றாக வருவதால் எழுந்த நம்பிக்கை. மழையும் ஈரக்காற்றும் கூடும்போது பாளை போன்ற மொட்டு வேகமாக விரியும். இரவு இடித்திருக்கும், காலையில் பூ இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கோடை மழையில் இடிக்கும்போதெல்லாம் எங்கள் செடி பூத்ததில்லை.

பூவை எப்படிப் பறிப்பது? எவ்வளவு நாள் மணம் நிற்கும்?

விடியற்காலையில், மடல் வாய் திறக்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மணம் கரைந்துபோகும், மகரந்தமும் கொட்டிவிடும். நீளத் தொரட்டியால் காம்போடு அறுத்து இறக்குங்கள், கையை உள்ளே விட்டுத் திருகாதீர்கள். பூவின் மடல் ஓரத்திலும் முள் உண்டு. தலையில் வைப்பவர்கள் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.

மணம் இரண்டு மூன்று நாள் தெளிவாக நிற்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இன்னும் ஒரு நாள். காய்ந்த மடலைப் பட்டுப்புடவைக்கு நடுவே வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. துணியில் மகரந்தத் தூள் ஒட்டாதபடி மெல்லிய காகிதத்தில் மடித்து வையுங்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதே ஆண் பூவைத்தான் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி அத்தர் வடிக்கிறார்கள், கஞ்சம் தாழம்பூவுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இனிப்பில் தெளிக்கும் கேவ்டா நீர் என்று கடையில் கிடைப்பதும் இந்தப் பூவிலிருந்து வந்ததுதான்.

முள்ளை எப்படிச் சமாளிப்பது?

தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. மூன்றாவதை யாரும் போட்டுக்கொள்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். குனிந்து எழும்போது இலை நுனி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனி வாக்கில், காய்ந்து தொங்கும் பழைய மடல்களை அறுத்து எடுத்துவிடுங்கள். அவை பாவாடை போலத் தண்டைச் சுற்றித் தொங்கும். எலிக்கு வீடு, கோடையில் தீப்பொறி பட்டால் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். பச்சை இலையை அநாவசியமாகக் கழிக்க வேண்டாம். விழுதுகளையும் வெட்டாதீர்கள். அழகாக இல்லை என்று விழுதை வெட்டிவிட்டு, ஐப்பசிப் புயலில் செடி சாய்ந்துவிட்டது என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

வேர் சுவரைப் பிளக்குமா?

ஆல், அரசு போலப் பிளக்காது. தாழை தென்னையைப் போல ஒருவித்திலைத் தாவரம். அதன் வேர் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போவதில்லை. ஆனாலும் புதரின் எடையும் விழுதும் மதிலை ஒட்டினால் சங்கடம்தான். பத்தடி இடைவெளி சொன்னது அதற்காகத்தான்.

கொசு பெருகாதா?

இதில் உண்மை இருக்கிறது. இலை தண்டோடு சேரும் இடத்தில் கிண்ணம் போலக் குழிவு இருக்கும். மழைநீர் அதில் தங்கும், ஈடிஸ் வகைக் கொசுக்கள் அதில் முட்டையிடலாம். கீழே தேங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மேலே இருப்பதை மறந்துவிடுகிறோம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்து இலைக் கக்கங்களில் பீய்ச்சி அடியுங்கள். புழு இருந்தால் வெளியே வந்துவிடும். வாரம் ஒரு முறை என்பது முக்கியம், முட்டை கொசுவாக அவ்வளவு நாள்தான் ஆகும். பக்கத்தில் குட்டை இருந்தால் அதில் நாட்டு மீன்குஞ்சு விடுங்கள்.

பூச்சி, நோய்?

அதிகம் இல்லை. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலைக் கக்கத்தில் ஒட்டும். தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் போதும். புதுப் போத்தில் கரையான் ஏறினால் குழியில் வேப்பம்புண்ணாக்கு போடுங்கள்.

தொட்டியில் வளர்க்கலாமா?

வளரும். பெரிய சிமெண்டுத் தொட்டியில் சில ஆண்டுகள் பச்சையாக நிற்கும். பூவை எதிர்பார்க்க முடியாது. மாடியில் வைத்து முள்ளோடு மல்லுக்கட்டுவதை விட, மணம் வேண்டுமென்றால் மல்லிகையே நல்லது.

எங்கள் கரை முழுவதும் ஊதாப் பூப் பூக்கும் செடி நிறைந்திருக்கிறது. அதுவும் ஈரநிலச் செடிதானே? அதை விட்டுவிடலாமா?

புனல் போன்ற இளம் ஊதாப் பூ, உள்ளீடற்ற தண்டு, உடைத்தால் பால் என்று இருந்தால் அது நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் நெய்வேலி இருந்தாலும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஏரி, குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆடுகள் தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துத் தள்ளாடும். பூ அழகாக இருக்கிறது என்று பலர் வேலியில் தாங்களே நட்டு வைக்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

எடுப்பதென்றால் கோடையில், வாய்க்கால் வறண்டிருக்கும்போது வேரோடு எடுங்கள். வெட்டிய துண்டைத் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டும் போகிற வழியில் ஒதுங்கி வேர் விடும். மேட்டில், சிமெண்டுத் தரையில் போட்டு முறுமுறுவென்று காயும் வரை வையுங்கள். அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒரு முறை போய்ப் புதுத் துளிரைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் விட்டால் பழையபடி ஆகிவிடும். அந்த இடத்தைச் சும்மா விடாமல் உடனே தாழையோ நொச்சியோ வைத்துவிடுங்கள்.

நொச்சியும் வைக்கலாமா? வேறு என்ன ஈரநிலச் செடிகள் வீட்டுக்கு ஏற்றவை?

நொச்சி தாராளமாக. ஆற்றோரம் தானாக வளர்வது, குச்சி ஒடித்து நட்டாலே வரும், முள் இல்லை. சின்னக் கொல்லைக்குத் தாழையை விட நொச்சியே நல்லது என்பேன். கொஞ்சம் பெரிய இடம் இருந்தால் நீர்ப்பருத்தி வைக்கலாம், பூவரசு போலவே மஞ்சள் பூ. தில்லையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த செடி, பிச்சாவரம் கழியில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது கழிமுகத்திலேயே இருக்கட்டும்.

தாழை சிவபூசைக்கு ஆகாதே, வீட்டில் வைப்பது தோஷமா?

பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ என்பது திருவண்ணாமலைத் தலபுராணத்தில் வருவது. பூசைக்கு விலக்கினார்களே தவிர செடியை வளர்க்கக் கூடாது என்று அதில் இல்லை. ராமநாதபுரத்துப் பக்கம் உத்தரகோசமங்கையில் சிவனுக்கே தாழம்பூ சாத்துகிறார்கள். அம்மனுக்கு எங்கும் தடையில்லை.

பெண் செடியின் பழம் அன்னாசி போல இருக்கிறதே, தின்னலாமா?

அன்னாசிக்கும் இதற்கும் உறவில்லை. பச்சையாகக் கடித்தால் ஊசி ஊசியான படிகங்கள் வாயையும் தொண்டையையும் அரிக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கழித்த மடலையும் விழுதையும் என்ன செய்வது?

மடலை முள் சீவி, வெந்நீரில் அவித்து உலர்த்திக் கிழித்தால் பாய் பின்னலாம். கேரளத்தில் தாழம்பாய் இன்றும் ஒரு கைத்தொழில். பின்னத் தெரியாவிட்டால் தென்னங்கன்றின் அடியில் மூடாக்காகப் போடுங்கள், முள் பக்கம் கீழே இருக்கும்படி. மக்க வெகு நாளாகும், அதுவரை ஈரத்தைக் காக்கும்.

புயலில் ஒடிந்த விழுது கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு முழம் நறுக்கி, நுனியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தியலால் நசுக்கினால் நார் நாராகப் பிரியும். சுண்ணாம்பு அடிப்பதற்கு அந்தக் காலத்தில் அதுதான் மட்டை. போன பொங்கலுக்கு எங்கள் கிணற்றுச் சுவருக்கு அதில்தான் அடித்தோம். கடை பிரஷ்ஷை விட அதிகமாகச் சுண்ணாம்பைப் பிடித்தது, சொரசொரப்பான சுவரின் இண்டு இடுக்கிலும் போய்ச் சேர்ந்தது. அடித்து முடித்ததும் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள், அடுத்த வருடத்துக்கும் ஆகும்.